பாய்மரப் படகுக்கு ஃபெதரிங் ப்ரொப்பெல்லர்: கேள்வி பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஆயர் தாவாரில் ஷாஃப்ட், கியர்பாக்ஸ் பட்டறை வைத்திருக்கும் எனக்கு, லுமுட் பக்கம் படகு வேலைக்குப் போகும் நம் தோட்டத்துப் பிள்ளைகளும் சொந்தமாகப் படகு வைத்திருக்கும் சிலரும் அனுப்பிய கேள்விகள் இவை. பாய் விரித்து ஓடும்போது இதழ்களைத் திருப்பி, ஓடும் நீருக்கு விளிம்பை மட்டும் காட்டி நிற்கும் ஃபெதரிங் ப்ரொப்பெல்லரைப் பற்றியே எல்லாரும் கேட்டிருக்கிறார்கள்.

சித்தியவான், ஓய்வுபெற்ற ஆசிரியர்: ஐயா, என் படகு 34 அடி. மூன்று இதழ் கொண்ட சாதாரண ப்ரொப்பெல்லர் இருக்கிறது. அதை மாற்றுவது செலவுக்குத் தகுந்த பலனைத் தருமா?

நீங்கள் எங்கே, எப்படி ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது, ஐயா. அசையாத மூன்று இதழ்கள் நீரை இழுத்துப் பிடிப்பதால், உங்கள் அளவுப் படகு பாயில் ஓடும்போது அரை நாட் முதல் ஒரு நாட் வரை வேகம் குறையலாம் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). இதழ் திரும்பிக்கொண்டால் அதில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். ஆனால் மலாக்கா நீரிணையில் காற்று பல நாள் மந்தமாகவே இருக்கிறது. பங்கோரிலிருந்து பினாங்கு போகிறவர்கள் பாதி வழிக்கு மேல் இயந்திரத்தையே நம்புகிறார்கள். இயந்திரத்தில் முன்னோக்கி ஓடும்போது இந்த ப்ரொப்பெல்லர் கூடுதலாக எதையும் தராது. பல வகைகளில் இதழ் தட்டையாக இருப்பதால், சரியாகத் தேர்ந்தெடுத்த சாதாரண ப்ரொப்பெல்லரைவிட முன்னோக்கிய உந்தல் சற்றுக் குறையவும் கூடும். டிசம்பர் முதல் மார்ச் வரை லங்காவி, புக்கெட் பக்கம் வடகிழக்குக் காற்றில் பாயில் ஓடுவதோ, இந்தியப் பெருங்கடலைக் கடப்பதோ உங்கள் எண்ணமாக இருந்தால் வாங்குங்கள். வார இறுதியில் பங்கோரைச் சுற்றி வருவதற்குத்தான் என்றால், அந்தப் பணத்தில் நல்ல பாய் தைத்துக்கொள்வது மேல் என்பது என் உறுதியான கருத்து.

லுமுட், இளம் மெக்கானிக்: அண்ணே, இதழ்கள் பின்னால் மடங்கிக்கொள்ளும் ப்ரொப்பெல்லர் விலை குறைவாயிற்றே, அதை விட்டு இது எதற்கு?

ரிவர்ஸுக்காக, தம்பி. பல ஃபெதரிங் ப்ரொப்பெல்லர்களில், இதழ்கள் பொருந்தியிருக்கும் நடுக் குடத்தைத் திறந்து பார்த்தால், ஒவ்வோர் இதழின் அடியிலும் ஒரு கூம்புப் பல்சக்கரமும், அவை எல்லாம் கடித்து நிற்கும் நடுச் சக்கரமும் தெரியும். ஷாஃப்ட் சுழலத் தொடங்கியதும் இதழ்கள் தமக்கென வைத்த கோணம்வரை திரும்பி, அங்குள்ள தடுப்பில் முட்டி நிற்கும். ரிவர்ஸ் போட்டால் அவை மறுபுறம் புரண்டு, அதே முன் விளிம்பையே நீருக்குக் கொடுக்கும். ஆகவே பின்னோக்கிய உந்தலும் ஏறக்குறைய முன்னோக்கிய அளவுக்கே இருக்கும். மடங்கும் வகையிலோ, ரிவர்ஸில் சுழற்சி இதழை விரிக்கப் பார்க்கும், உந்தல் அதை மடக்கப் பார்க்கும். அந்த இழுபறியில் பலம் குறைகிறது. முன்னோக்கி ஓடுவதில் அதன் முறுக்கிய இதழ் நன்றாகவே வேலை செய்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். இருந்தாலும், நீர் வற்றும் நேரத்தில் குறுக்கோட்டத்தோடு நெருக்கமான துறைக்குள் நுழைந்து படகை நிறுத்த வேண்டியவர், ரிவர்ஸ் பலத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது.

நீள அடிக்கட்டையும், அதில் ப்ரொப்பெல்லருக்கென வெட்டிய சன்னல் போன்ற இடைவெளியும் உள்ள பழைய படகுகளில் மடங்கும் வகைக்குப் பேச்சே இல்லை. இதழ் பின்னால் மடங்க அங்கே இடம் கிடையாது.

ஆயர் தாவார், தோட்ட ஆலைகளுக்கு லேத் வேலை செய்பவர்: ஆர்டர் கொடுக்குமுன் எவற்றை அளக்க வேண்டும்?

பெரும்பாலோர் பிராண்டைப் பற்றிக் கேட்கிறார்கள். நீங்கள் அளவைக் கேட்டதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. முதலில் ஷாஃப்டின் விட்டம், சாவிக்காடி, மறை. பிறகு ஷாஃப்டின் முனை கூம்பிச் செல்லும் சரிவு: அமெரிக்க SAE முறையில் 16-க்கு 1, மெட்ரிக் ISO முறையில் 10-க்கு 1. இதில் தவறினால் குடம் உட்காரவே உட்காராது. படகின் பின்னால் நின்று பார்க்கும்போது, முன் கியரில் ஷாஃப்ட் வலஞ்சுழியா இடஞ்சுழியா என்று குறித்துக்கொள்ளுங்கள். இதழ் நுனிக்கும் படகின் அடிக்கும் இடையே, ப்ரொப்பெல்லர் விட்டத்தில் பத்தில் ஒரு பங்காவது இடைவெளி வேண்டும். 15 சதவீதம் இருந்தால் அதிர்வு குறையும். குடத்தின் மூக்கும், அரிப்பைத் தான் ஏற்று ப்ரொப்பெல்லரைக் காக்கும் ஜிங்க் துண்டும் சுக்கானில் இடிக்காமல் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

அடுத்தது பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு ப்ரொப்பெல்லர் கணக்குப்படி முன்னேற வேண்டிய தூரம். நீர்மட்டத்தில் படகின் நீளம் (நீர்க்கோட்டு நீளம்) 30 அடி என்றால், அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 7.3 நாட் வரும். அத்தகைய படகு இயல்பாக எட்டும் உச்ச வேகம் அதுதான். இயந்திரம் நிமிடத்துக்கு 3,000 சுற்று, கியர்பாக்ஸ் விகிதம் 2.5 என்றால் ஷாஃப்ட் 1,200 சுற்று சுற்றும். 13 அங்குல பிட்ச் போட்டால் கணக்குப்படி 12.8 நாட் வர வேண்டும். நீரில் சறுக்கல் 45 சதவீதம் என்று வைத்தால் கையில் நிற்பது 7 நாட். ஆக, 13 அங்குலத்தில் தொடங்கலாம்.

தொடங்கலாம் என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் முடிவு கடலில்தான் தெரியும். அடிப்பாகம் சுத்தமாக உள்ள படகை அலையற்ற நீரில் முழு வேகத்தில் ஓட்டினால், உற்பத்தியாளர் குறித்த உச்சச் சுற்றை இயந்திரம் எட்ட வேண்டும். எட்டாமல் கரும்புகை விட்டால் பிட்ச் அதிகம். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் இயந்திரத்தின் ஆயுள் குறையும். ஓர் அங்குலம் குறைத்தால் ஏறத்தாழ 150 முதல் 200 சுற்று கூடும். இப்படித் திருத்திக்கொள்ள முடிவதே இந்த வகையின் பெரிய நன்மை. மாடலைப் பொறுத்து, சிலவற்றில் வெளியிலிருந்தே திருத்தலாம். சிலவற்றில் குடத்தைப் பிரிக்க வேண்டும்.

பங்கோர், படகு உரிமையாளர்: இயந்திரத்தை நிறுத்திப் பாய் விரித்த பிறகும் ஷாஃப்ட் கடகடவென்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. பழுதா?

பெரும்பாலும் பழுது அல்ல, நிறுத்தும் முறைதான் காரணம். நியூட்ரலில் நிறுத்தினால் நீர் ப்ரொப்பெல்லரைச் சுற்றிக்கொண்டே இருக்கும், இதழ் திரும்பாது. படகு 2 அல்லது 3 நாட் வேகத்தில் ஓடும்போது, குறைந்த சுற்றில் முன் கியரிலேயே இயந்திரத்தை நிறுத்துங்கள். நின்ற பிறகும் ஷாஃப்ட் சுழன்றால் ரிவர்ஸில் போட்டுப் பூட்டுங்கள். சத்தம் அடங்காவிட்டால், நியூட்ரலுக்குக் கொண்டுவந்து இயந்திரத்தை மீண்டும் இயக்கி இன்னொரு முறை செய்யுங்கள். உங்கள் கியர்பாக்ஸின் கையேடு இதை அனுமதிக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அதே பங்கோர் உரிமையாளர்: எந்த பிராண்ட் நல்லது?

இத்தாலியின் மேக்ஸ்-ப்ராப், ஜெர்மனியின் வேரிப்ராப், நியூசிலாந்தின் கிவிப்ராப் ஆகியவை நெடுநாள் பழக்கத்தில் உள்ளவை. கிவிப்ராப்பின் இதழ்கள் உலோகம் அல்ல, கலவைப் பிளாஸ்டிக். ஆகவே எடை குறைவு. உங்களுக்குப் பாகம் எவரிடம் விரைவில் கிடைக்கிறதோ, அதை வாங்குங்கள்.

பந்தாய் ரெமிஸ், இளைஞர்: நம் நீரில் கொட்டலசு ஒட்டுகிறதே, பல்சக்கரம் இறுகிவிடாதா?

பராமரிக்காவிட்டால் இறுகும். வெதுவெதுப்பான இந்த ஆற்றுமுகங்களில் சில வாரம் அசையாமல் கட்டிவைத்த படகின் இதழ்கள் சொரசொரப்பாகிவிடுகின்றன. இதழின் அடிமூட்டில் ஒரு சிப்பி உட்கார்ந்தாலே அது முழுதாகத் திரும்பாது. மாதம் ஒருமுறை மூழ்கி, மரச் சுரண்டியால் சுரண்டுங்கள். இதழைக் கையால் ஒரு தடுப்பிலிருந்து மறு தடுப்புவரை திருப்பிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். படகைக் கரையேற்றும் ஒவ்வொரு முறையும், உற்பத்தியாளர் சொன்ன நீர்ப்புகா கிரீஸைப் பழையது வெளியே பிதுங்கும்வரை அடைத்து ஏற்றுங்கள். ஜிங்க் பாதி கரைந்ததுமே மாற்றிவிடுங்கள். வெண்கல நிறம் செம்பு போலச் சிவந்திருந்தால் உலோகம் அரிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

லுமுட், இளம் மெக்கானிக்: லங்காவியில் பழையது ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா, அண்ணே?

இதழ் நுனியைப் பிடித்து ஆட்டிப் பார், தம்பி. இலேசான ஆட்டம் இயல்பு. நுனி தாராளமாக அசைந்தால் பல் தேய்ந்திருக்கிறது, விட்டுவிடு. குடத்தின் துளை உன் ஷாஃப்டைவிடச் சிறியதாக இருந்தால், சுவரில் கனம் இருக்கும்வரை லேத்தில் பெரிதாக்கித் தருகிறேன். பெரியதாக இருந்தால் வேண்டாம்.