பெண்கள் சபையில் பிரசங்கிக்கக் கூடாது என்று பைபிள் சொல்கிறதா?

தங்கச்சி, நீங்கள் மெதடிஸ்ட், பேசியிருக்கும் மாப்பிள்ளை போவது ஒரு சுயாதீன சபை, அங்கே பெண்களைப் பிரசங்கிக்க விடுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வசனம் தெரியாமல் நீங்கள் கேட்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு வாய் மூடி இருக்க வேண்டி வருமோ என்ற பயம்தான் உங்களுக்கு என்று நினைக்கிறேன். நானும் மட்டக்களப்பில் மெதடிஸ்ட் வீட்டில் பிறந்து, கல்யாணம் முடித்த பிறகு இவருடைய சுயாதீன சபைக்குப் போகிறவள்தான்.

பெண் உபதேசம் பண்ண அனுமதியில்லை என்னும் 1 தீமோத்தேயு 2:12, பெண்கள் சபையில் பேசாமல் இருக்க வேண்டும் என்னும் 1 கொரிந்தியர் 14:34 இரண்டும் பைபிளில் இருக்கின்றன. இல்லை என்று யாரும் சாதிக்க முடியாது. ஆனால் அதே கொரிந்தியர் நிருபம் 11:5 இல், ஜெபம் பண்ணும், தீர்க்கதரிசனம் சொல்லும் பெண் தலையை மூட வேண்டும் என்று அப்போஸ்தலர் பவுல் எழுதுகிறார். சபையில் வாயே திறக்கக் கூடாது என்றால் இந்த ஒழுங்கு யாருக்கு? ஆதிச் சபையின் பிரசங்கி அப்பொல்லோவுக்குத் தேவனுடைய மார்க்கத்தை விளக்கியவர்களில் பிரிஸ்கில்லாள் என்ற பெண்ணும் ஒருவர். உயிர்த்த ஆண்டவர் முதலில் செய்தி சொல்லி அனுப்பியது மகதலேனா மரியாளை.

ஆதாம்தான் முதலில் உருவாக்கப்பட்டான் என்று பவுலே காரணம் சொல்வதால் இந்தத் தடை எல்லாக் காலத்துக்குமான கட்டளை என்பது ஒரு பக்கம். தீமோத்தேயு இருந்த எபேசு சபையில் அப்போதிருந்த கள்ள உபதேசத்துக்காகச் சொன்னது என்பது மறுபக்கம். கத்தோலிக்கர் பெண்களுக்குக் குருத்துவம் இல்லை என்பதில் உறுதி. 1994 இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் (ஜான் பால்) அதை எழுத்திலேயே கொடுத்தார். பிரித்தானிய மெதடிஸ்ட் சபை 1974 இலேயே பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுத்தது. தென்னிந்தியத் திருச்சபையில் 2013 இல் ஒரு பெண் பேராயரானார். அமெரிக்காவின் தெற்கு பாப்டிஸ்டுகளோ 2000 இல், போதகர் பணி ஆண்களுக்கே என்று தங்கள் விசுவாச அறிக்கையில் எழுதிவிட்டார்கள். இவர்கள் எல்லோரும் வேதத்தை நேசிக்கிறவர்கள்தான். அதனால் "பைபிள் தெளிவாகச் சொல்கிறது, விஷயம் முடிந்தது" என்று எவர் சொன்னாலும் உடனே தலையாட்டாதீர்கள்.

இனி என் கதை. எங்கள் சபை தொடங்கியதே மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் என் மாமியின் வீட்டு ஜெபத்தில்தான். தொண்ணூறுகளில் சுற்றிவளைப்பும் கைதும் என்று இளம் ஆண்கள் வீட்டில் தங்க முடியாத காலம். மாமிதான் பைபிளைத் திறந்து விளக்கம் சொல்வார். ஊர்ப் பெரியவர்கள் பாயில் இருந்து கேட்டார்கள். பெண் உபதேசம் பண்ணுகிறாள் என்று அன்றைக்கு ஒருவரும் குறை சொல்லவில்லை. யுத்தம் முடிந்து, கட்டடம் எழும்பி, போதகர் வந்த பிறகு மாமிக்குச் சாட்சி சொல்ல மட்டும் அனுமதி. அதுவும் பீடத்துக்குக் கீழே நின்று.

நான் ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியை. ஒரு சனிக்கிழமை போதகருக்குக் கடும் காய்ச்சல். மறுநாள் செய்தி கொடுக்கச் சொல்லி ஒரு தம்பியை நியமித்தார். அந்தத் தம்பிக்கு வேதம் படிப்பித்ததே நான். இரவு எட்டு மணிக்கு வந்து, "அக்கா, எனக்கு ஒன்றும் வருகுதில்லை" என்று அழாக்குறையாக நின்றான். இருந்து முழுவதையும் எழுதிக் கொடுத்தேன். அடுத்த நாள் அவன் அதை வாசித்தான், சபை ஆமென் சொன்னது. தம்பியில் எனக்குக் கோபமே இல்லை. பிறகு போதகரிடம் போய், "ஐயா, இன்றைக்கு ஆண்கள் கேட்டது யாருடைய உபதேசம்?" என்று கேட்டேன். "எழுதுவது வேறு சகோதரி, பீடத்தில் நிற்பது அதிகாரம்" என்றார். இதற்கு வசனம் காட்டுங்கள் என்றேன். காட்டவில்லை.

உடனே சிலர் இது பெண்ணியம், வெளிநாட்டுச் சரக்கு என்று வருவீர்கள். வெளிநாடு எதற்கு? எங்கள் பகுதியில் குடி, அதாவது வம்சம், தாய்வழி. வீடும் வளவும் மகளுக்கு, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேருவார். என் வீட்டு உறுதிப் பத்திரமும் என் பெயரில்தான். அதனால் என் கணவரின் மரியாதை எங்கும் குறைந்துவிடவில்லை. புருஷன் தலை என்று எபேசியர் 5:23 சொல்வதை நான் ஏற்கிறேன். அதற்கு இரண்டு வசனம் முன்னால் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்லியிருப்பதையும் ஏற்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. சிறு கடன் (நுண்கடன்) கொடுக்கும் கம்பனிக்காரருக்குப் பெண்ணின் கையெழுத்துத்தான் வேண்டும். குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். வாசலில் வந்து நின்று அவர்கள் பேசும் பேச்சைக் கேட்க முடியாது. எங்கள் சபையிலேயே கடன் கட்ட வழியில்லாமல் பிள்ளைகளை விட்டுவிட்டு மத்திய கிழக்குக்குப் போன பெண்கள் இருக்கிறார்கள். பெண்ணின் அடக்கத்தைப் பற்றி எத்தனையோ செய்தி கேட்டிருக்கிறேன், இதைப் பற்றி ஒன்றுகூடக் கேட்கவில்லை. இது உங்கள் கேள்விக்குப் பதில் இல்லைதான், ஆனாலும் மனம் கேட்கவில்லை.

சரி, உங்கள் விஷயம். சபையின் சட்டத்தை விட அந்த மாப்பிள்ளையின் மனம் எப்படி என்று பாருங்கள். நிச்சயத்துக்கு முன் நேரடியாகவே கேளுங்கள்: "வீட்டு ஜெபத்தில் நான் வசனம் விளக்கினால் இருந்து கேட்பீர்களா? மகள் பிறந்து இறையியல் படிக்கப் போகிறேன் என்றால் அனுப்புவீர்களா?" பதிலைப் போதகரிடம் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றால், திகதி குறிக்க அவசரப்படாதீர்கள்.