இடது கைப் பழக்கத்துக்கு உதவித்தொகை கிடைக்குமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட்டில் நானும் கணவரும் வேலை பார்க்கிறோம். மகள் அரசுப் பள்ளியில் படித்து, இப்போது ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. முதலாண்டு. புதுமைப் பெண் பணம் மாதம் 1,000 வருகிறது. ஹாஸ்டலுக்கும் பஸ்ஸுக்கும் போதவில்லை. இடது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கும், உயரமானவர்களுக்கும்கூட உதவித்தொகை இருப்பதாகப் போனில் ஒரு தகவல் வந்தது. மகளுக்கு இடது கைதான். பதிவுக் கட்டணம் 500 ரூபாயாம். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் அம்மா. அரசு உதவித்தொகை எதற்கும் விண்ணப்பக் கட்டணம் கிடையாது.

ஆனால் அந்தத் தகவல் முழுப் பொய்யும் இல்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஜூனியாட்டா என்று ஒரு கல்லூரி. அங்கே படித்த இருவரை, இரண்டு பேருக்கும் இடது கை என்பதால் டென்னிஸ் வகுப்பில் ஜோடி சேர்த்தார்கள். பிறகு அவர்கள் கல்யாணமே செய்துகொண்டார்கள். அந்த பெக்லி தம்பதி பெயரில்தான் இடது கை மாணவர்களுக்கான உதவித்தொகை இருக்கிறது. ஆனால் அந்தக் கல்லூரியில் படிப்பவர்களுக்கு மட்டும். உயரமானவர்களுக்குத் தருவது அங்கே உள்ள உயரமானோர் சங்கம். ஒட்டும் டேப்பிலேயே விருந்து உடை தைப்பவர்களுக்குப் பரிசு தருவது டேப் கம்பெனி. கொடுக்கிறவருக்கு எதில் ஒட்டுதலோ அதற்குத்தான் பணம்.

நம் ஊரிலும் அப்படித்தான். இங்கே பிள்ளையின் கையை யாரும் பார்ப்பதில்லை, பெற்றவர் கை என்ன வேலை செய்கிறது என்று பார்க்கிறார்கள். நீங்கள் கொழுந்து பறிக்கிறீர்கள் என்பதே ஒரு தகுதி.

வருடக் கடைசிச் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். பி.எஃப். பிடித்தம் பெரிதாகத் தெரியும். அதற்குக் கீழே 20 ரூபாய் என்று ஒரு சின்னப் பிடித்தம் இருக்கும், தொழிலாளர் நல நிதி. வருடத்துக்கு ஒரு முறை நீங்கள் 20, நிர்வாகம் 40, அரசு 20 எனச் சேர்ந்து தமிழ்நாடு தொழிலாளர் நல வாரியத்துக்குப் போகிறது. 'இருபது ரூபாய்தானே' என்று யாரும் கேட்பதில்லை. அந்த வாரியம் தொழிற்சாலை, மலைத்தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை தருகிறது, பட்டப்படிப்புக்கும் உண்டு. விண்ணப்பத்தில் எஸ்டேட் அலுவலகம் சான்றளித்துக் கையெழுத்துப் போட வேண்டும். பலருக்கு அந்த இடத்தில்தான் காகிதம் நின்றுபோகிறது. கொழுந்து அதிகம் வரும் மாதத்தில் கிளார்க்கைப் பிடிப்பது கஷ்டம், முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

சொந்தமாகக் கொஞ்சம் தேயிலை வைத்து பேக்டரிக்கு இலை போடுகிறவர்களுக்கு இந்த வழி இல்லை. அவர்கள் குன்னூரில் உள்ள தேயிலை வாரிய அலுவலகத்தில் கேட்க வேண்டும். பழனி மலைக் காபிக்காரர்கள் காபி வாரியத்திடம் கேட்கலாம்.

குன்னூர் பக்கம் ராணுவ மையம் உள்ள வெலிங்டனைச் சுற்றி இருப்பவர்கள் அடிக்கடி கேட்பது ராணுவ உதவித்தொகை. முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகள் தொழிற்படிப்பில் சேர்ந்தால் பெண்ணுக்கு மாதம் 3,000, பையனுக்கு 2,500. தாத்தா பட்டாளத்தில் இருந்தார் என்றால் செல்லாது. உங்கள் மகளின் பி.எஸ்சி.யும் அதில் வராது.

அப்புறம், மகளின் பிளஸ் டூ மதிப்பெண் எப்படி? தன் பிரிவில் மாநில அளவில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்து, குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்தால், மத்திய அரசின் உதவித்தொகை ஆண்டுக்கு 12,000 உண்டு. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதை வாங்கினால் வேறு உதவித்தொகை வாங்கக் கூடாது என்ற நிபந்தனை இருப்பதால், எது லாபம் என்று கணக்குப் போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். புதுமைப் பெண் பக்கம் அந்தத் தடை இல்லை. வேறு உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கும் அதைத் தருகிறார்கள். சாதிச் சான்றிதழை வைத்து வரும் உதவித்தொகையைக் கல்லூரி அலுவலகமே நினைவுபடுத்தும்.

நான் உதவித்தொகைப் பிரிவில் இருந்தபோது ஒரு மாணவிக்கு நாலு மாதமாகப் பணம் வரவில்லை. எல்லாரையும் திட்டித் தீர்த்தோம். கடைசியில் பார்த்தால், அவள் பள்ளியில் படித்தபோது திறந்து மறந்துபோன இன்னொரு வங்கிக் கணக்கில் பணம் பத்திரமாக இருந்தது. ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறதோ அங்கேதான் பணம் போகும், விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்குக்கு அல்ல. உங்கள் மகளுக்குப் புதுமைப் பெண் பணம் ஒழுங்காக வருவதால் இந்தக் கவலை இல்லை, அதே கணக்கை எல்லாவற்றுக்கும் கொடுங்கள். இனிஷியல் மட்டும் ஆதாரில் முன்னாலும் மதிப்பெண் பட்டியலில் பின்னாலும் இருந்தால் இப்போதே திருத்துங்கள்.

இந்த வாரமே இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழுக்குப் போட்டுவிட்டு, அந்த 20 ரூபாய் பிடித்தம் உள்ள சம்பளச் சீட்டை ஒரு நகல் எடுத்து வையுங்கள். உங்கள் இருவரில் யாருடைய சீட்டு தெளிவாக இருக்கிறதோ அது.