பெற்றோரின் பேச்சும் பள்ளிச் சேர்க்கையும்

கேள்வி: அமெரிக்காவில் யூதர்கள் தம் பிள்ளைகளுக்கென நடத்தும் முழுநேரப் பள்ளிகளில் மாணவர் சேர்க்கையைப் பெற்றோரின் அபிப்பிராயமே தீர்மானிக்கிறது என்று படித்தேன். சமயப் பற்று ஒன்றே போதாதா? எங்கள் ஊர்த் தமிழ்வழிப் பள்ளியின் பெற்றோர்-ஆசிரியர் சங்கத்தில் (பி.டி.ஏ.) இருப்பதால் கேட்கிறேன்.
— வாசகி ஒருவர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம், கேரளம்

பதில்: சமயப் பற்று எல்லா வீடுகளிலும் ஒரே அளவில் வேலை செய்வதில்லை. யூதக் கல்விக்கு உதவிய அவி சாய் அறக்கட்டளை 2013-14 கல்வியாண்டில் எடுத்த கணக்கின்படி, அங்குள்ள 861 யூதப் பள்ளிகளில் ஏறத்தாழ 2,55,000 பேர் படித்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆசாரம் வழுவாத ஆர்த்தடாக்ஸ் குடும்பத்துப் பிள்ளைகள். அந்த வீடுகளில் எந்த யூதப் பள்ளி என்பதைப் பற்றி மட்டுமே பேச்சு நடக்கும். ஆனால் சற்றே தளர்ந்த மரபைச் சேர்ந்த கன்சர்வேடிவ் பிரிவினரின் சாலமன் ஷெக்டர் பள்ளிகளில், 1998-க்குப் பிந்தைய பதினைந்து ஆண்டுகளில் மாணவர் எண்ணிக்கை பாதியை நெருங்கும் அளவுக்குச் சரிந்தது. சில பள்ளிகள் மூடப்பட்டதும், சில வேறு அமைப்புக்கு மாறியதும் இந்தச் சரிவில் அடங்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பெற்றோரின் அபிப்பிராயம் ஆளுவது இந்த இரண்டாம் வகைக் குடும்பங்களைத்தான். பக்கத்திலுள்ள அரசுப் பள்ளியில் கட்டணமே இல்லாதபோது ஆண்டுக்குப் பல்லாயிரம் டாலர் செலுத்துவது தகுமா, நாளின் ஒரு பகுதி எபிரேய மொழிக்கும் யூத வேதமான தோராவுக்கும் போய்விட்டால் கணக்கிலும் அறிவியலிலும் பிள்ளை பின்தங்குமோ, தன் இனத்தாரோடு மட்டுமே பழகி வளர்ந்தவன் வெளியுலகில் தடுமாறுவானோ என்றெல்லாம் அவர்கள் யோசிக்கிறார்கள். இவற்றுக்கு விடையாகப் பள்ளியின் விளம்பரத்தை அவர்கள் அவ்வளவாக நம்புவதில்லை. ஏற்கெனவே அங்கே பிள்ளையைச் சேர்த்திருக்கும் அண்டைவீட்டுக்காரர் சொல்வதையே நம்புகிறார்கள். 2020-இல் பெருந்தொற்றால் அரசுப் பள்ளிகள் பல மூடிக்கிடக்க, யூதப் பள்ளிகள் பலவற்றில் நேரடி வகுப்புகள் நடந்தன. அதுவரை அவற்றை எண்ணியும் பாராத குடும்பங்கள் சில வந்து சேர்ந்தது, எனக்குத் தெரிந்தவரை, பக்தி திடீரெனப் பெருகியதால் அன்று.

கொல்கத்தாவில் 1881-இல் தொடங்கிய யூதப் பெண்கள் பள்ளி இன்னும் நுணுக்கமான சான்று. அந்நகர யூதர்களில் மிகப் பெரும்பாலோர் வெளிநாடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். இன்று அங்கே படிப்போரில் பெரும்பான்மையினர் முஸ்லிம் மாணவியர். அவர்களுடைய பெற்றோரின் நன்மதிப்பே அப்பள்ளியைத் தாங்கி நிற்கிறது.

உங்கள் ஊர்ப் பெற்றோரின் தயக்கமும் பெரும்பாலும் தமிழைப் பற்றியதாக இருக்காது. தமிழ்வழியில் படித்தவன் மலையாளம் புழங்கும் கல்லூரி வகுப்பிலும் கேரள அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்விலும் எப்படிச் சமாளிப்பான் என்பதே அவர்கள் கவலையாக இருக்கும். அடுத்த கூட்டத்தில் மொழிப்பற்றைப் பேசும் விருந்தினரை விடுத்து, உங்கள் பள்ளியில் படித்து அருகிலுள்ள சித்தூர்க் கல்லூரிக்கோ வேலைக்கோ போனவர்களின் தாய்மாரைப் பேச அழையுங்கள். மலையாளத்தில் பிள்ளைகள் பட்ட சிரமத்தையும் அவர்கள் மறைக்காமல் சொல்லட்டும்.