கறளுக்கு மேல் பட்டி: ஜீப்பின் பெயின்ட் ஏன் கொப்புளிக்கிறது?

கேள்வி: தெஹிவளையில் கடலோரமாக வீடு. என் மிட்சுபிஷி 4டிஆர்5 ஜீப்புக்குச் சென்ற வருடம் கராஜில் முழுப் பெயின்ட் அடித்தேன். ஒரு மழைக்காலத்துக்குள் சில்லு வளைவிலும் கண்ணாடிச் சட்டத்தின் அடியிலும் கொப்புளம். இம்முறை வெள்ளையைச் சாம்பல் நிறமாக்கி நானே அடிக்கலாமா? மச்சானின் பழைய லேண்ட் ரோவருக்கும் அதே சாமான் சரிவருமா?

பதில்: பெயின்டைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு கொப்புளத்தைச் சுரண்டிப் பாருங்கள். பட்டியும் (பள்ளம் நிரப்பும் பசை) அதற்கடியில் கறளும் இருக்கும். பட்டி ஈரத்தை உறிஞ்சும். கறளை முழுதாக எடுக்காமல் அதன் மேல் பட்டி பூசி, தண்ணீர் தொட்டுத் தேய்த்தும் விட்டால் கறள் உள்ளேயே வளரும். மலிவாக 'முழுப் பெயின்ட்' பேசும் இடங்களில் நடப்பது இதுதான்.

நீங்களே செய்யலாம், ஆனால் பிரைமர் (அடிப்பூச்சு), பட்டி வரைக்கும். முதலில் நல்ல தண்ணீரால் கழுவி உப்பை எடுங்கள். கம்பி பிரஷாலும் 80 இலக்கச் சாண்ட் பேப்பராலும் தகடு மினுங்கும்வரை தேயுங்கள். குழிகளில் ஒட்டியிருக்கும் கறளுக்கு பொஸ்போரிக் அமிலத் திரவம் பூசலாம். பிறகு டின்னில் சொன்னபடி கழுவிக் காயவிடாவிட்டால் பிரைமர் பிடிக்காது. ஓட்டை விழுந்த இடத்தை வெட்டித் தகடு வைத்து வெல்டிங் செய்யுங்கள், ஃபைபர் ஒட்டாதீர்கள். அன்றே எபொக்சி பிரைமர் இரண்டு கோட், பிரஷாலும் பூசலாம். பட்டி அதற்கு மேலேதான், 2–3 மில்லிமீட்டருக்கு மிஞ்சாமல். அதை உலர்வாகவே 80, பிறகு 180 இலக்கத்தால் தேயுங்கள். மழை நாளில் எதையும் தொடவேண்டாம்.

மிச்சமிருக்கும் பழைய பெயின்டைத் தின்னர் நனைத்த துணியால் அழுத்தித் துடையுங்கள். நிறம் கரைந்து வந்தால் அதன் மேல் 2கே பெயின்ட் (ஹார்ட்னர் என்ற இறுக்கும் திரவம் கலந்து அடிப்பது) சுருண்டு எழும், முழுதாக உரித்துவிடுங்கள்.

கடைசி ஸ்ப்ரேயை மட்டும் ஸ்ப்ரே பூத் (பெயின்ட் அடிக்கும் மூடிய அறை) உள்ள இடத்தில் கொடுங்கள். 2கே ஹார்ட்னரில் ஐசோசயனேட் உண்டு. தூசி மாஸ்க் அதைத் தடுக்காது, ஆஸ்துமா வரக்கூடும். வீடுகள் நெருங்கிய ஒழுங்கையில் அடிப்பது அயலவருக்கும் கேடு.

சாமானை நீங்களே போய் வாங்குங்கள். கொழும்பில் வாகனச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறவருக்கும் கடைக்காரருக்கும் இடையில் ஒரு கணக்கு இருக்கக்கூடும், அது உங்கள் பில்லில்தான் ஏறும். லேபல் இல்லாத போத்தலில் ஊற்றித் தரும் ஹார்ட்னர் வேண்டவே வேண்டாம். காற்றின் ஈரம் பட்டாலே அது கெட்டுவிடும். பெயின்ட் எந்தக் கம்பனியோ ஹார்ட்னரும் அதே கம்பனியுடையதாக, சீல் உடையாததாக இருக்கவேண்டும். அளவை டின்னைப் பார்த்துக் கலவுங்கள், பெயின்ட் பாஸின் கண்மட்டத்துக்கு விடாதீர்கள்.

மச்சானின் லேண்ட் ரோவர் வேறு சாதி. சேஸியும் முன் பல்க்ஹெட்டும் (எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தடுப்புச் சுவர்) இரும்பு, அவற்றுக்கு மேலே சொன்னதே போதும். வெளித் தகடுகள் பெரும்பாலும் அலுமினியம். அதில் இரும்புக் கம்பி பிரஷ் போட்டால் இரும்புத் துகள் பதிந்து பிறகு அரிக்கும், நைலோன் பஞ்சால் தேயுங்கள். அமிலக் கறள் திரவம் அங்கே தேவையில்லை. அலுமினியத்துக்குப் பொருந்துமென்று டின்னிலேயே எழுதியிருக்கும் எபொக்சி பிரைமரை நேரே அடிக்கலாம். அமிலத்தால் தகட்டைக் கடித்துப் பிடிக்கும் எட்ச் பிரைமரும் உண்டு, ஆனால் அதற்கு மேல் எபொக்சி பூசாதீர்கள், இரண்டில் ஒன்று. இரும்பு போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால், பொடியை எடுத்துப் பிரைமர் பூசி, பிளாஸ்டிக் வாஷர் வைத்துப் பூட்டுங்கள். இல்லாவிட்டால் பெயின்ட் முதலில் அங்கேதான் தூக்கும்.

நிறம் மாற்றுவதென்றால் பதிவுச் சான்றிதழிலும் மாற்றவேண்டும். ஒரு சொல்லைத் திருத்த நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் ஏன் இவ்வளவு வரிசையோ! அந்த அலுப்பில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். அசல் சான்றிதழை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். லீசிங் முடியவில்லையென்றால் பெயின்ட் வாங்குமுன் கம்பனியின் சம்மதக் கடிதத்தை எடுங்கள், இன்சூரன்சுக்கும் எழுத்தில் அறிவியுங்கள்.