கேளுங்கள் சொல்கிறோம்: யாருக்கு ஆயிரம், யாருக்கு இல்லை?

கேள்வி: அண்ணாச்சி, நான் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போகிறேன். மகன் லோன் போட்டு பழைய ஆம்னி வேன் ஒன்று வாங்கினான், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் மாமியாரை ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போகத்தான். அதைக் காட்டி எனக்கு மகளிர் உரிமைத் தொகை இல்லை என்றுவிட்டார்கள். எதிர்வீடு மாடி வீடு, வீட்டுக்காரர் துபாயில், அவர்களுக்கு மாசம் ஆயிரம் வருகிறது. இது என்ன நியாயம்?
(வாசகி, குலசேகரம்)

பதில்: நியாயம் இல்லைதான் அக்கா, ஆனால் விதிப்படி சரி. அதுதான் எரிச்சலே. 2023 செப்டம்பர் 15-ல் திட்டம் தொடங்கியபோது போட்ட விதிகளை எடுத்துப் பாருங்கள். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நஞ்சை என்றால் 5 ஏக்கருக்குள், புஞ்சை என்றால் 10 ஏக்கருக்குள், கரண்ட் வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்குள், சொந்த உபயோகத்துக்குக் கார், ஜீப், டிராக்டர் போன்ற நாலு சக்கர வண்டி கூடாது, வீட்டில் யாரும் வருமான வரி கட்டக்கூடாது, அரசு ஊழியர் இருக்கக்கூடாது. இதில் மாடி வீடு எங்கேயாவது வருகிறதா? துபாய் சம்பளம்? வெளிநாட்டிலேயே வசித்து அங்கேயே சம்பாதிப்பவருக்கு அந்தச் சம்பளத்துக்கு இங்கே வரி கிடையாது, அதனால் அது எந்த ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் தெரியாது. உங்கள் மகனுடைய ஆம்னியோ நம்பரோடு பதிவாகி உட்கார்ந்திருக்கிறது. வண்டிக்கு என்ன வயசு, லோன் பாக்கி எவ்வளவு என்றெல்லாம் யாரும் கேட்கப் போவதில்லை.

வருமானம் என்று வந்தால் இன்னும் கூத்து. பால் வெட்டுகிறவருக்கு வருஷ வருமானம் இவ்வளவு என்று எந்த அதிகாரி சொல்ல முடியும்? நம் மாவட்டத்துக்கு ஆனி ஆடி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. மரம் நனைந்திருந்தால் அன்றைக்கு வெட்டு கிடையாது, வெட்டு இல்லை என்றால் கூலியும் கிடையாது, இலை உதிர்கிற காலத்தில் பாலும் குறைந்துவிடும். அண்டி ஆபீசில் முந்திரிப் பருப்பு உடைக்கிறவர்களுக்கும், கட்டுமரம் தள்ளுகிறவர்களுக்கும் இதே கதைதான். இப்படிப்பட்ட ஊரில் வருமானம் பார்த்துக் கொடுக்கிறோம் என்று சொன்னால், கடைசியில் பதிவேட்டைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். பதிவேட்டில் மாட்டிய ஏழை வெளியே, மாட்டாத வசதிக்காரர் உள்ளே. எதிர்வீட்டுக்காரியோடு சண்டைக்குப் போகாதீர்கள், அவர் பொய் சொல்லி வாங்கியிருக்க வேண்டும் என்பதே இல்லை.

அப்புறம் ஒன்று. அவர்கள் குடும்பம் என்று எடுப்பது ரேஷன் கார்டில் உள்ளவர்களைத்தான். மகனுக்குக் கல்யாணமாகி தனிக்கார்டு இருந்தால் அந்த வேன் உங்கள் கணக்கில் வரக்கூடாது, அதை முதலில் பாருங்கள். மறுத்து மெசேஜ் வந்தால் 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார்கள். உங்களுக்குப் பத்மநாபபுரம் கோட்டம்.

கேள்வி: எனக்குப் பென்ஷன் வருகிறது, என் மனைவிக்கு ஆயிரம் எதற்கு? எல்லோருக்கும் கொடு என்று எழுதுகிறவர்கள் கஜானாவைப் பார்ப்பதில்லையா?
(ஓய்வு பெற்ற ஆசிரியர், நாகர்கோவில்)

பதில்: பார்க்கத்தான் வேண்டும் சார். தொடங்கும்போது 1 கோடியே 6 லட்சம் பெண்கள், அதற்கே வருஷத்துக்கு ஏறக்குறைய 13 ஆயிரம் கோடி. தமிழ்நாட்டில் சுமார் 2.2 கோடி ரேஷன் கார்டு இருக்கிறது, எல்லாக் கார்டுக்கும் என்றால் செலவு இரண்டு மடங்கு. இது சின்னத் தொகை இல்லை.

ஆனால் ரேஷனை நினைத்துப் பாருங்கள். 1997-ல் மத்திய அரசு ரேஷனை வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்தபோது தமிழ்நாடு அரிசியை எல்லோருக்கும் திறந்தே வைத்தது. அதனால் கலெக்டர் வீட்டம்மா வந்து க்யூவில் நின்றாரா? இல்லை. அரிசி வேண்டாம், சர்க்கரை போதும் என்று லட்சக்கணக்கானவர்கள் தாங்களாகவே சர்க்கரை கார்டு வாங்கினார்கள், எந்தப் பொருளும் வேண்டாம் என்று கார்டு வாங்கியவர்களும் உண்டு. யாரும் அவர்கள் வருமானத்தைத் துருவவில்லை. காலை உணவும் அப்படித்தான். 2024 ஜூலையில் கிராமத்து அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் அது வந்தது. சர்ச்சுப் பள்ளிகள் நிறைந்த நம் மாவட்டத்துக்கு அது பெரிய விஷயம். தட்டு நீட்டுகிற பிள்ளையிடம் அப்பா என்ன வேலை என்று யாரும் கேட்பதில்லை.

பணத்தில் மட்டும் இந்தக் கணக்கு தப்பிவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன். 2019 நவம்பரில் சர்க்கரை கார்டை அரிசி கார்டாக மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள், அந்தப் பொங்கலுக்கு அரிசி கார்டுக்கு ஆயிரம் ரூபாய். அப்போது மாற்றியவர்களுக்கெல்லாம் திடீரென்று ரேஷன் அரிசியில் ஆசை வந்துவிட்டதா என்ன? ரேஷன் அரிசியை வேண்டாம் என்று ஒதுங்குவார்கள், ரொக்கத்தை யாரும் ஒதுக்க மாட்டார்கள். அதனால் பணத்துக்கு ஏதோ ஒரு தடுப்பு வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அது ஒன்றோ இரண்டோ இருந்தால் போதும். கர்நாடகத்தில் அதே 2023-ல் குடும்பத் தலைவிக்கு மாசம் 2,000 என்று தொடங்கினார்கள், அங்கே முக்கியமான தடை வருமான வரியும் ஜி.எஸ்.டி.யும் கட்டும் குடும்பம் என்பதுதான். அரசிடம் ஏற்கெனவே இருக்கிற தகவல், ஏழையிடம் போய் எதையும் கேட்க வேண்டியதில்லை. உங்கள் பென்ஷனையும் அரசே தருகிறது, அதைக் கழிப்பதும் சுலபம். ஆம்னி வேனையும் கரண்ட் பில்லையும் எண்ணுவதுதான் வேண்டாத வேலை.

கேள்வி: மகள் இங்கிலாந்தில் நர்ஸ். வெள்ளைக்கார நாட்டில் இதெல்லாம் ஒழுங்காக நடக்குமே?
(வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: கம்ப்யூட்டர் ஒழுங்கு, முடிவு அப்படி இல்லை. அங்கே பிள்ளைகளுக்கான உதவித்தொகை பல வருஷம் பணக்காரர், ஏழை பார்க்காமல் போய்க்கொண்டிருந்தது. 2013-ல் பெற்றோரில் ஒருவர் வருஷத்துக்கு 50,000 பவுண்டுக்கு மேல் சம்பாதித்தால் திரும்பப் பிடிக்க ஆரம்பித்தார்கள். புருஷன் பெண்டாட்டி ஆளுக்கு 49,000 வாங்கினால் முழுத் தொகை உண்டு, ஒருவர் மட்டும் 60,000 வாங்கும் வீட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது! 2024-ல்தான் வரம்பை 60,000-ஆக ஏற்றினார்கள். அதே வருஷம் முதியவர்களுக்கான குளிர்காலப் பணத்தில் கைவைத்து, ஏழை முதியவர்களுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். கூச்சல் தாங்காமல் அடுத்த வருஷம் பின்வாங்கி, 35,000 பவுண்டுக்குள் வருமானம் உள்ள முதியவர்களுக்கெல்லாம் திருப்பிக் கொடுத்தார்கள். வேலை விசாவில் இருக்கும் வரை உங்கள் மகளுக்கு இந்த உதவிகளில் பெரும்பாலானவை கிடைக்காது, வரி மட்டும் பிடிப்பார்கள்.

கேள்வி: டவுன் பஸ்ஸில் நகைக்கடைக்காரர் மனைவியும் ஓசியில் போகிறாரே?
(வாசகர், குளச்சல்)

பதில்: காலை எட்டு மணிக்கு நம் பஸ்ஸில் ஒற்றைக்காலில் தொங்கிக்கொண்டு வருகிறார் என்றால், தாராளமாகப் போகட்டும்.