வீட்டு சர்வருக்குப் பெயர் வைப்பது: கேள்வி பதில்

ஓசூர் வாசகர்: அண்ணா, படம் பார்க்க ஜெல்லிஃபினும் போட்டோ சேமிக்க இம்மிச்சும் ஒரே மினி பிசியில் ஓடுகின்றன. வீட்டு டிஎன்எஸ் சர்வரான பை-ஹோலில் இரண்டுக்கும் பெயர் கொடுத்துவிட்டேன். இருந்தும் 8096, 2283 என்று போர்ட் எண்ணைச் சேர்த்து அடித்தால்தான் திறக்கிறது. ஏன்?

அது பை-ஹோலின் குறை இல்லை தம்பி. இந்தப் பெயருக்கு இந்த ஐபி (கருவியின் நெட்வொர்க் முகவரி) என்று சொல்வதோடு டிஎன்எஸ் வேலை முடிந்தது. அந்த முகவரியில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள வாசல் எண்ணான போர்ட்டைப் பற்றி அது வாய் திறக்காது; பிரவுசர் தானாக 80-க்கோ 443-க்கோதான் போகும். அந்த இரண்டிலும் ஒரு ரிவர்ஸ் பிராக்ஸியை, அதாவது வருபவர்களை வாசலில் வாங்கி உள்ளே அனுப்பும் மென்பொருளை, உட்கார வையுங்கள். 'கேடி' (Caddy) என்ற மென்பொருள் போதும், திரையில் கிளிக் செய்து அமைக்க வேண்டுமென்றால் என்ஜின்எக்ஸ் பிராக்ஸி மேனேஜர். எத்தனை பெயர் வைத்தாலும் பை-ஹோலில் எல்லாம் அந்த மினி பிசியின் ஐபியையே காட்டட்டும். எந்தப் பெயரைக் கேட்டு வந்தார்கள் என்று பார்த்து பிராக்ஸி உள்ளே சரியான போர்ட்டுக்கு அனுப்பிவிடும். பை-ஹோலும் அதே பெட்டியில் இருந்தால் அதன் நிர்வாகப் பக்கம் 80-ஐப் பிடித்து வைத்திருக்கும். முதலில் அதை வேறு போர்ட்டுக்கு நகர்த்துங்கள். அப்புறம், மினி பிசியின் ஐபி மாறாதபடி ரவுட்டரில் ரிசர்வ் செய்ய மறக்காதீர்கள்.

பாலக்கோடு: பெயர்கள் 'டாட் லோக்கல்' என்று முடிகின்றன. சில கருவிகளில் வருகிறது, சிலவற்றில் இல்லை.

அந்த வால் எம்டிஎன்எஸ்-க்கு (சர்வர் இல்லாமல் கருவிகள் தங்களுக்குள்ளேயே பெயர் கேட்டுக்கொள்ளும் முறை) என்று 2013-லேயே ஒதுக்கியாயிற்று. பல கருவிகள் அதை உங்கள் டிஎன்எஸ் சர்வரிடம் கேட்பதே இல்லை. வீட்டுக்கென்றே 2018-இல் வந்தது 'ஹோம் டாட் ஆர்ப்பா'. 2024-இல் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு ஒதுக்கிய 'டாட் இன்டர்னல்' எனக்குப் பிடித்தது, அம்மாவுக்கும் சொல்லிக்கொடுக்க எளிது.

தருமபுரி: பாதுகாப்புக்கு இரண்டாவது டிஎன்எஸ்ஸாக கூகுளின் 8.8.8.8 போட்டிருக்கிறேன் சார். பெயர்கள் திடீர் திடீரென வேலை செய்வதில்லை.

அதை எடுத்துவிடுங்கள். முதலாவது படுத்தால்தான் இரண்டாவது என்று எந்தக் கருவியும் உறுதி தராது. இஷ்டத்துக்கு இரண்டில் எதை வேண்டுமானாலும் கேட்கும். கூகுளுக்கு உங்கள் வீட்டுப் பெயர் எப்படித் தெரியும்? மாற்று வேண்டுமானால் இன்னொரு பழைய ராஸ்பெர்ரி பையில் இரண்டாவது பை-ஹோல் போடுங்கள்.

கிருஷ்ணகிரி: என் போனில் மட்டும் வீட்டுப் பெயர்கள் திறக்கவில்லை.

ஆண்ட்ராய்டில் 'பிரைவேட் டிஎன்எஸ்', குரோமில் 'செக்யூர் டிஎன்எஸ்' இரண்டையும் பாருங்கள். அங்கே வெளி சர்வர் ஏதாவது இருந்தால் அதுதான் காரணம். இல்லையென்றால் ரவுட்டர் ஐபிவி6 (புதிய வகை ஐபி முகவரி) வழியாக வேறொரு டிஎன்எஸ்ஸைக் கொடுக்கிறதா என்று பாருங்கள்.

காவேரிப்பட்டணம்: மாந்தோப்பில் இருக்கும்போது வீட்டு கேமராவைப் பெயர் சொல்லித் திறக்க முடியுமா?

முடியும், ஆனால் போர்ட் ஃபார்வர்ட் வேண்டவே வேண்டாம். கேமரா பெட்டியை நேராக இணையத்துக்குத் திறந்துவிடுவது ஆபத்து. வீட்டு சர்வரிலும் போனிலும் டெயில்ஸ்கேல் (உங்கள் கருவிகளை மட்டும் இணைக்கும் விபிஎன்) போடுங்கள், சர்வரை வீட்டு நெட்வொர்க்குக்கு சப்நெட் ரவுட்டராக, அதாவது வீட்டிலுள்ள மற்ற கருவிகளுக்கும் வழி விடுவதாக, அமையுங்கள். 'டாட் இன்டர்னல்' பெயர்களுக்கு மட்டும் பை-ஹோலைக் கேள் என்று டெயில்ஸ்கேலின் டிஎன்எஸ் அமைப்பில் சொல்லிவிட்டால், தோப்பிலும் அதே பெயர் திறக்கும்.