டெயில் ரோட்டர் இல்லாத ஹெலிகாப்டர்: கேட்டார்கள், சொன்னேன்

ஞாயிறு காலை முழுக்க உட்கார்ந்து பதில் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஒரே கேள்வியைப் பத்துப் பேர் கேட்டால் ஒருவருக்குத்தான் பதில்.

கே: அண்ணா, டெயில் ரோட்டர் இல்லாவிட்டால் ஹெலிகாப்டர் தானே சுற்றிவிடாதா?

சுற்றும். எஞ்சின் மேலே ரோட்டரை ஒரு பக்கம் திருப்பினால் உடம்பு மறுபக்கம் திரும்பப் பார்க்கும். மாட்டாத சீலிங் ஃபேனைக் கையில் தொங்கவிட்டு சுவிட்ச் போட்டவர்களுக்கு இது மணிக்கட்டில் தெரியும் (போட்டுப் பார்க்காதீர்கள்). வழக்கமாக அந்த முறுக்கைத் தடுப்பது வால் நுனியில் பக்கவாட்டில் காற்றைத் தள்ளும் சின்ன விசிறி, அதுதான் டெயில் ரோட்டர். அது இல்லாமலும் முறுக்கைச் சமாளிக்கப் பல வழி உண்டு. நம் கடற்படை வைத்திருக்கும் காமோவ் கா-28, கா-31 இரண்டிலும் ஒரே அச்சில் மேலும் கீழுமாக இரண்டு ரோட்டர், எதிரெதிராகச் சுற்றும். சினூக் ஹெலிகாப்டரில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. கே-மேக்ஸ் ஹெலிகாப்டரில் பக்கத்துப் பக்கத்தில் சாய்த்து வைத்த இரண்டு, பிளேடுகள் கத்தரி மாதிரி ஒன்றுக்குள் ஒன்று புகுந்து போகும். 1950களில் பிரெஞ்சுக்காரர்கள் பறக்கவிட்ட ஜின் என்ற ஹெலிகாப்டர் இன்னும் வேடிக்கை: அழுத்தக் காற்றை பிளேடு வழியாக அனுப்பி நுனியில் பீய்ச்சினார்கள். ரோட்டரை உடம்பு திருப்பவே இல்லை, அதனால் முறுக்கும் கிடையாது. கடைசி வழிதான் நோட்டார் (‘நோ டெயில் ரோட்டர்’ என்பதன் சுருக்கம்), இன்று பாதிப் பேர் கேட்டிருப்பது.

கே: ஃபெனஸ்ட்ரானும் இந்த வகைதானே?

இல்லை. ஃபெனஸ்ட்ரான் என்பது வால் இறக்கைக்குள் கூண்டு கட்டி வைத்த டெயில் ரோட்டர். கூண்டுக்குள் இருந்தாலும் விசிறி விசிறிதான்.

கே: நோட்டார் வாலுக்குள் என்னதான் இருக்கிறது?

வால் பூம், அதாவது உடம்பிலிருந்து பின்னால் நீளும் தண்டு, ஒரு காலிக் குழாய். அதன் அடிப்பகுதியில், உடம்புக்குள்ளே, மெயின் கியர்பாக்ஸிலிருந்து ஓடும் ஒரு விசிறி. அது குறைந்த அழுத்தத்தில் நிறையக் காற்றைக் குழாய்க்குள் தள்ளுகிறது. பூமின் வலப்பக்கம் நீளவாக்கில் இரண்டு மெல்லிய பிளவுகள். அவற்றின் வழியே வெளியே வரும் காற்று நேராகப் போய்விடாமல் குழாயின் வளைவை ஒட்டிக்கொண்டே கீழே இறங்கும். ஒரு பாட்டிலுக்குப் பின்னால் மெழுகுவத்தியை வைத்து முன்னால் நின்று ஊதுங்கள், அணைந்துவிடும். அதே சங்கதிதான், கோவாண்டா விளைவு என்பார்கள். மெயின் ரோட்டரிலிருந்து கீழே வரும் காற்றும் இதோடு சேர்ந்து அந்தப் பக்கமாக வளைகிறது. வலப்பக்கம் அழுத்தம் குறைகிறது, வால் வலப்பக்கம் இழுபடுகிறது. மொத்த பூமும் செங்குத்தாக வீசும் காற்றில் ஒரு இறக்கை மாதிரி வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தரத்தில் நிற்கும்போது தேவையான தள்ளலில் சுமார் 60 சதவீதம் இப்படிக் கிடைக்கிறது. மீதியை நுனியில் திரும்பும் நாசில் (காற்று பீய்ச்சும் வாய்) பார்த்துக்கொள்ளும், பைலட்டின் பெடல் அதைத்தான் திருப்புகிறது. வேகமாக முன்னால் போகும்போது ரோட்டர் காற்று பூமை விட்டுப் பின்னால் நகர்ந்துவிடும், அப்போது பொறுப்பு செங்குத்து வால் இறக்கைகளுக்குப் போகிறது.

அமெரிக்காவின் ஹியூஸ் நிறுவனம் ஓஎச்-6 என்ற தன் ஹெலிகாப்டர் ஒன்றை இப்படி மாற்றி 1981 டிசம்பரில் முதலில் பறக்கவிட்டது. அப்புறம் கம்பெனி மெக்டானல் டக்ளஸ் கைக்குப் போய், நோட்டார் வைத்த எம்டி 520என் 1991இல் சான்றிதழ் வாங்கியது.

கே: 30 ஆண்டாக மோட்டார் வேலை பார்க்கிறவன் சொல்கிறேன். கோவாண்டா எல்லாம் விளம்பரம் சார். நுனியில் பீய்ச்சும் காற்றுதான் எல்லாம் செய்கிறது.

ஐயா, அப்படியென்றால் முதலில் ஒரே பிளவோடு பறந்த அந்த ஓஎச்-6க்கு 1986இல் இரண்டாவது பிளவு எதற்கு வெட்டினார்கள்?

கே: ஆர்சி (ரிமோட்டில் பறக்கும்) ஹெலி எது வாங்கலாம்? பட்ஜெட் குறைவு.

இதே கேள்வி இது மூன்றாவது தடவை. பக்கத்தில் பறக்கவிடுகிறவர் யார் என்று பார்த்து, அவர் வைத்திருப்பதையே வாங்குங்கள். உடைந்தால் உதிரிபாகம் கிடைக்கும்.

கே: என் மகனின் இரண்டடுக்கு பொம்மை ஹெலியில் வாலில் படுத்தவாக்கில் ஒரு குட்டி விசிறி இருக்கிறதே?

அது திரும்பாமல் தடுக்க இல்லை. வாலைத் தூக்கி இறக்கி முன்னால் பின்னால் போவதற்கு. இடம் வலம் திரும்புவதற்கு மேல் ரோட்டருக்கும் கீழ் ரோட்டருக்கும் வேகத்தில் வித்தியாசம் காட்டினால் போதும்.

கே: 600 சைஸ் ஆர்சி ஹெலியின் மெக்கானிக்ஸ் (ரோட்டர், கியர் அடங்கிய உள்பாகம்) சும்மா கிடக்கிறது. அதில் 520என் கட்டலாமா?

கட்டலாம், நான் கட்டியிருக்கிறேன். முதலில் ரோட்டர் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். அமெரிக்க ஹெலிகாப்டர் மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழி, நம் மாடல்கள் பெரும்பாலும் வலஞ்சுழி. படத்தைப் பார்த்து வலப்பக்கம் பிளவு வெட்டினால் வால் தப்பான பக்கம் இழுக்கும். பிளவு இடப்பக்கம் வர வேண்டும், அல்லது மெக்கானிக்ஸை மாற்ற வேண்டும். மூன்று இஞ்ச் பிவிசி குழாய்மேல் ஃபைபர்கிளாஸ் சுற்றி பூம் செய்தேன், பிளவு ஒரு மில்லிமீட்டர். உள்ளே தனி மோட்டாரோடு ஒரு டக்டட் ஃபேன் (குழாய்க்குள் சுற்றும் விசிறி). அதன் வேகத்தை ஜைரோவிடம் (ஹெலி திரும்புவதை உணர்ந்து திருத்தும் கருவி) கொடுக்காதீர்கள். விசிறி வேகம் ஏறி இறங்க நேரமெடுக்கும், வால் நாய் வால் மாதிரி ஆடும். விசிறியை ஒரே வேகத்தில் ஓடவிட்டு, ஜைரோவை நாசிலைத் திருப்பும் சின்ன மோட்டாருக்கு, அதாவது சர்வோவுக்குக் கொடுங்கள். செட்டப் முடியும்வரை பிளேடைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

கே: (மறுபடி மோட்டார்காரர்) உங்கள் மாடலையே எடுங்கள். பிளவை அடைத்துப் பார்த்தீர்களா?

பார்த்தேன். இரண்டு பிளவுக்கும் செல்லோடேப் ஒட்டிப் பறக்கவிட்டேன். விசிறிக் காற்று முழுவதும் நாசிலுக்குப் போனதால் அது முன்பைவிட பலமாகத்தான் பீய்ச்சியிருக்கும். ஆனாலும் நடுவிலிருந்து கால்வாசி விலகி நின்ற சர்வோ, முக்கால்வாசி போய் நின்றது, அதாவது வாலைப் பிடிக்க நாசில் அவ்வளவு அதிகம் திரும்ப வேண்டியிருந்தது. பிளவு வேலை செய்கிறது ஐயா.

கே: 60 சதவீதம் செய்கிறதா?

இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். அளவு சுருங்கினால் காற்று அவ்வளவு நன்றாக ஒட்டாது. பக்கக்காற்று அடித்தால் ஒட்டியதும் பிய்ந்துபோகிறது, நாசில் அலைபாய்கிறது. மாடலில் உங்கள் பக்கம் பாதி நியாயம் இருக்கிறது.

கே: வலஞ்சுழி மெக்கானிக்ஸ் என்றால் பிளவு எந்தப் பக்கம்?

மேலே இருக்கிறது. தம்பி, படித்துவிட்டுக் கேளுங்கள்.

கே: ட்ரோன் சட்டம் இதற்கும் பொருந்துமா?

என் துறை இல்லை. விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) தளத்தில் பாருங்கள்.

கே: தலைகீழாகப் பறக்குமா?

தலைகீழானால் பிட்ச் (பிளேடின் சாய்வு) நெகட்டிவ், காற்று பூமுக்கு எதிர்ப்பக்கமாக வரும். பிளவு வெட்டிய திசை தப்பாகிவிடும். நாசில் தனியாக இழுக்காது. ஆசையிருந்தால் சாதாரண டெயில் ரோட்டர் ஹெலியில் போடுங்கள்.

கே: (மோட்டார்காரர்) சரி சார், கடைசியாக ஒன்று. நாசிலை அடைத்து, பிளவை மட்டும் திறந்து பார்த்தீர்களா?

இல்லை. பறக்கவிட்டுப் பார்க்க முடியாது, கட்டிவைத்துத்தான் பார்க்கணும். பழைய சீலிங் ஃபேன் பேரிங் ஒன்று வீட்டில் கிடக்கிறது, அதன்மேல் ஏற்றி, வாலில் தராசு கட்டிப் பார்க்கிறேன். அடுத்த ஞாயிறு நீங்களும் வாருங்கள், எண்ணை நீங்களே படியுங்கள்.